டாமியும் டப்பன்ஸும் கோட்டைவிட்ட கொலைகாரன்

அகதா கிறிஸ்டியின் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். அந்த 'ஒருவழியாக'வைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள்.

66 துப்பறியும் நாவல்கள் எழுதிய மனுஷி. ரயிலில் கொலை, விமானத்தில் கொலை, நைல் நதியில் போகும் கப்பலில் கொலை என்று உலகத்தையே சுற்றிக் காட்டியவர். 1926இல் 'ரோஜர் அக்ராய்ட்' நாவலின் முடிவில் அவர் கொடுத்த அடியிலிருந்து வாசகர்கள் இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர் கடைசியாக எழுதிய நாவல் இது. 1973இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 83.

கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். ஆனால், கெடுப்பதற்கு அந்தக் கதையில் முடிவென்று ஒன்று உண்டா என்பதுதான் இந்தப் பதிவில் என் வழக்கே.

தொடக்கம் பிரமாதம். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டாமி, டப்பன்ஸ் தம்பதியைக் கிறிஸ்டி வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1922இல் 'தி சீக்ரெட் அட்வெர்சரி'யில் இளவட்டங்களாக வந்தார்கள். கிறிஸ்டியின் மற்ற துப்பறிவாளர்களான புவாரோவும் மார்ப்பிளும் எத்தனை வருஷம் போனாலும் அதே கிழவர், அதே கிழவி. இந்த ஜோடி மட்டும் நம்மோடு சேர்ந்து வயசாகிக்கொண்டே வரும். 1941இல் வந்த 'என் ஆர் எம்?' நாவலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர். இந்தக் கடைசி நாவலில் எழுபது தாண்டிய தாத்தா, பாட்டி. ஒரு சின்ன ஊரில் பழைய வீட்டை வாங்கிக் குடிவருகிறார்கள். வீட்டோடு சேர்ந்து பழைய புத்தகங்களும் வருகின்றன. அலமாரியில் அடுக்க உட்காரும் டப்பன்ஸ், நம் எல்லோரையும் போல அடுக்குவதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுகிறாள். ஸ்டீவன்சனின் 'தி பிளாக் ஏரோ' கைக்கு வருகிறது. அதில் ஒரு பக்கத்தில் அங்கங்கே சில எழுத்துகளுக்குக் கீழே கோடு. சொற்களுக்கு இல்லை, தனித்தனி எழுத்துகளுக்கு. சேர்த்துப் பார்த்தால் ஒரு சேதி. மேரி ஜோர்டன் என்றொரு பெண் இயல்பாகச் சாகவில்லை, அந்த வீட்டு ஆள்தான் காரணம் என்று ஒரு பையன் எப்போதோ எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பையனைத் தேடிப் போனால், தேவாலயத்துக் கல்லறையில் அவன் பெயர். பதினான்கு வயதிலேயே செத்துப்போயிருக்கிறான்.

இதைப் படித்தபோது எனக்குக் கை நிலைகொள்ளவில்லை. பையன் கண்டுபிடித்தான், அதனாலேயே செத்தான், அவன் விட்டுப்போன துப்பு அறுபது வருஷம் கழித்து ஒரு பாட்டியின் மடியில் விழுகிறது. இதற்கு மேல் ஒரு மர்மக்கதைக்கு என்ன வேண்டும்?

அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் சங்கடம்.

டப்பன்ஸ் ஊர்க் கிழவிகளிடம் போகிறாள். அவர்கள் தங்கள் பாட்டி சொன்னதாக, பெரியம்மா சொன்னதாக எதையோ சொல்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதை டாமியிடம் சொல்கிறாள். டாமி லண்டன் போய்ப் பழைய உளவுத்துறைப் பெரிசுகளைப் பார்க்கிறான். அவர்கள் ஏதோ தெரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள். அவன் வந்து அதை டப்பன்ஸிடம் சொல்கிறான். பிறகு இருவரும் உட்கார்ந்து, 'ஆக நமக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்' என்று கணக்குப் பார்க்கிறார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் தெரிகிறது. அடுத்த அத்தியாயத்தில் மறுபடியும் ஒரு கிழவி. நடுவில் தோட்டக்காரக் கிழவர் ஐசக்கை யாரோ அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். சரி, கதை எழுந்துகொண்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். விசாரணை நடக்கிறது, எல்லோரும் வருத்தப்படுகிறார்கள், கதை மறுபடியும் படுத்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவுக்கு இப்போது கண்பார்வை சரியில்லை. நான் என்ன படித்தாலும் ராத்திரி சாப்பாட்டின்போது கதையைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மத்தியானத்தில் மாத நாவல்களாகப் படித்துத் தள்ளியவர். துப்பறியும் கதையில் அவரை ஏமாற்ற முடியாது. இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன்.

"யாருதான் கொன்னது?"

"அந்த காலத்து ஒரு கும்பல்ம்மா. நாட்டுக்குத் துரோகம் பண்ணவனுங்க."

"கும்பல் சரி. வீட்டுல ஒருத்தன்னுதானே பையன் எழுதி வெச்சான்? அந்த ஒருத்தன் யாரு?"

"அது சரியா வெளங்கலம்மா."

"பொஸ்தகம் முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் என்னா வெளங்கல?"

என்னிடம் பதில் இல்லை. திரும்பவும் கடைசி அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்தேன். மேரி ஜோர்டன் ஜெர்மன் உளவாளி என்று ஊர் நம்பியிருந்தது, உண்மையில் அவள் பிரிட்டன் பக்கத்து ஆள்தான் என்று தெளிவாக வருகிறது. தோட்ட வேலைக்கு உதவ வந்த ஒரு பெண், டப்பன்ஸின் காப்பியில் விஷம் கலக்கப் பார்த்துப் பிடிபடுகிறாள். அவள் யார், அவளுக்கும் அறுபது வருஷத்துக்கு முந்திய சாவுக்கும் என்ன பந்தம் என்பதெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசும் பேச்சாகக் கடந்துபோகிறது. 'இன்னார்தான்' என்று விரலை நீட்டி, அந்த விரலை நாம் நம்பும்படி காட்டும் இடம் இல்லவே இல்லை. வீட்டு நாய் ஹானிபலுக்கு மட்டும் கடைசியில் விளையாட்டாய்ப் பட்டம் சூட்டுகிறார்கள். நாய் வேலை பார்த்தது, மறுக்கவில்லை.

வயசாகிவிட்டது, விஷயம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி எல்லோரும் இந்த நாவலைக் கைகழுவிவிடுகிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம், விஷம். மேரி ஜோர்டன் எப்படிச் செத்தாள்? கீரையோடு ஃபாக்ஸ்குளோவ் இலை கலந்து சமைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைப் புரட்டுகிறது, அவள் மட்டும் இறந்துபோகிறாள். ஃபாக்ஸ்குளோவ் இதயத்தைத் தாக்கும் செடி. டிஜிட்டாலிஸ் மருந்து அதிலிருந்துதான் வருகிறது. முதல் உலகப் போரின்போது டார்க்கி மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. விஷத்தில் அவருக்குக் கை தவறாது.

ஆனால் இதே இலையை அவர் முன்னாலேயே பயன்படுத்தியிருக்கிறார். 1932இல் வந்த 'தி தர்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பில் 'தி ஹெர்ப் ஆஃப் டெத்' என்று ஒரு சிறுகதை. வாத்துக்குள் வைக்கும் மசாலா இலையோடு ஃபாக்ஸ்குளோவ் சேர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் உடம்பு சரியில்லை, ஒரு பெண் மட்டும் இறக்கிறாள். எல்லோரும் விபத்து என்கிறார்கள். மார்ப்பிள் கேட்பது ஒரே கேள்வி: எல்லோரும் தின்ற இலை அவளை மட்டும் ஏன் கொன்றது? பதில் ரொம்பச் சுலபம். இலை வெறும் மறைப்பு. அதே மருந்தை அவளுக்கு மட்டும் தனியாக வேறு வழியில் கொடுத்திருக்கிறார்கள். யாருடைய வீட்டில் அந்த மருந்து இருந்தது என்று பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவான். சின்னக் கதை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். கேள்வி, மறைப்பு, பதில் மூன்றும் சிக்கென்று இருக்கின்றன.

நாற்பது வருஷம் கழித்து அதே இலை, அதே சாப்பாட்டு மேஜை, அதே ஒற்றைச் சாவு. ஆனால் மார்ப்பிள் கேட்ட அந்தக் கேள்வியை இங்கே யாரும் உறைக்கும்படி கேட்கவில்லை. நிறைய எழுதியவர்கள் தங்கள் சொந்தச் சரக்கையே திரும்ப எடுப்பது சகஜம். அதில் எனக்குக் கோபம் இல்லை. எடுத்ததை வைத்து ஒரு ஆட்டம் ஆடியிருக்கலாமே என்பதுதான்.

அப்படியானால் நாவல் முழுக்க அவர் மனசு எங்கேதான் இருந்தது? அதற்குப் பதில் நாவலிலேயே இருக்கிறது. அந்தப் பழைய வீட்டின் கண்ணாடிக் கொட்டகையில் மத்தில்ட் என்று ஒரு மர ஆட்டக்குதிரை கிடக்கிறது. ட்ரூலவ் என்று சக்கரம் வைத்த குதிரை வண்டி ஒன்று. எழுபது தாண்டிய டப்பன்ஸ், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்தப் பொம்மை வண்டியில் ஏறி உட்கார்ந்து தோட்டத்துச் சரிவில் சர்ரென்று இறங்கி, கீழே இருக்கும் முள்மரத்தில் போய் விழுகிறாள். நாவலிலேயே உயிரோடு துடிக்கும் இடம் இதுதான். இரண்டு முறை படித்துச் சிரித்தேன்.

மத்தில்டும் ட்ரூலவும் கற்பனை இல்லை. கிறிஸ்டி பிறந்து வளர்ந்த டார்க்கி ஆஷ்ஃபீல்ட் வீட்டில் அவர் விளையாடியவை. அந்தக் கண்ணாடிக் கொட்டகையும் அந்த வீட்டினுடையது. 1960களில் ஆஷ்ஃபீல்ட் வீடு இடிக்கப்பட்டது. 1950இலிருந்து 1965 வரைக்கும் எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு 1977இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவை எல்லாம் வருகின்றன. அங்கே படித்தால் ஒவ்வொரு பொருளும் ஒளிர்கிறது. இங்கே, கொலை விசாரணையின் நடுவில், மத்தில்டின் வயிற்றுக்குள் கைவிட்டு ரகசியக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் எங்கள் மெர்போக்கில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜெராய் மலை அடிவாரத்தில் நம் அருங்காட்சியகத்துக்குப் போனால் புக்கிட் பத்து பகாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், அதன் சொந்த இடத்திலேயே, ஓடையை ஒட்டி நிற்கிறது. 1960இல் சீரமைத்தது. அதே வளாகத்தில் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கிய சண்டிகளும் இருக்கின்றன. அவற்றின் கல்லெல்லாம் அசல்தான், ஆனால் ஏன் இந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் என்ன ஆறு ஓடியது என்று அங்கே நின்று கேட்டால் பதில் வராது. ஆஷ்ஃபீல்டைப் பெயர்த்து மர்ம நாவலுக்குள் வைத்ததும் அப்படித்தான் ஆயிற்று. சாமான் அசல், இடம் பொருந்தவில்லை.

சரி, ஏன் அப்படிச் செய்தார்? இங்கேதான் எனக்குப் பதிப்பாளர் பக்கம் கை நீள்கிறது. 'கிறிஸ்மஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்பது அவர்களுடைய விற்பனை மந்திரம். வருஷா வருஷம் பண்டிகைக்கு ஒரு புத்தகம். 1970, 71, 72, 73 என்று வரிசையாக நாலு நாவல் வந்திருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர்!

கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இயன் லங்காஷரும் கிரேம் ஹர்ஸ்டும் 2009இல் கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் போட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். 63 வயதில் எழுதிய நாவலோடு ஒப்பிட்டால், இந்த நாவலுக்கு முந்தைய வருஷம் வந்த 'எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நாவலில் சொல்வளம் சுமார் 30 விழுக்காடு சரிந்திருக்கிறதாம். 'ஏதோ ஒன்று' மாதிரி பிடி இல்லாத சொற்கள் பெருகியிருக்கின்றனவாம். மறதி நோய் தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அவர் உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அப்படிச் சொன்னதாகப் பதிவில்லை.

இந்த ஆய்வைப் படித்ததும் எனக்கு அவர் மேலிருந்த கடுப்பு போய்விட்டது. கடுப்பு முழுசாகப் போகவில்லை, இடம் மாறிவிட்டது. கையெழுத்துப்படியை முதலில் வாசித்த ஒருவருக்காவது அம்மா கேட்ட கேள்வி தோன்றியிருக்க வேண்டும். 'பையன் எழுதி வைத்தானே, அந்த ஒருத்தர் யார்?' அதைக் கேட்டிருந்தால் ஒன்று நாவல் சீராகியிருக்கும், இல்லை இது மர்ம நாவலே இல்லை, குதிரையையும் வண்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதலாம் என்று பேச்சு வந்திருக்கும். அட்டையில் கிறிஸ்டி பெயர் இருந்தால் விற்றுவிடும் என்பதால் யாரும் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'நிறைய எழுதினால் இப்படித்தான்' என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத நாவல் படித்து வளர்ந்த கூட்டம் நாம். ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதியவர். இரண்டு கதைகளைத் தனித்தனித் தண்டவாளத்தில் ஓட்டி, கடைசியில் ஒன்றாக மோதவிடுவது அவருடைய பாணி. சில மாதம் அந்த மோதல் அபாரமாக இருக்கும். சில மாதம் இழுத்து ஒட்டவைத்தது தெரியும். அம்மா அப்போது, "இந்த மாசம் மனுசனுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதத்துக்குக் காத்திருப்பார். ஆனால் கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒரு மாதமும் போனதில்லை. நூறு பக்கம்தான் இடம். கிழவி கிழவியாகப் போய் விசாரிக்க அதில் வசதி கிடையாது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, யாராக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் கணக்கை முடித்தாக வேண்டும்.

கணக்கு முடியாமல் போனதெல்லாம் எங்கள் தோட்டத்தில் வேறு காரணத்தால். பீடோங் கடைத்தெருவில் ஒருவர் வாங்கும் நாவல் லயத்தில் வீடு வீடாகச் சுற்றும். சாணித்தாள். சுற்றிச் சுற்றிக் கடைசித் தாள் கழன்றுவிடும். "முடிவு இல்ல, பரவால்லியா?" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். முன்னால் படித்தவர் வீட்டு வாசலில் போய் நின்று, "அக்கா, கடைசில யாரு?" என்று கேட்டு வருவோம். அவர் சொல்வதும் சில சமயம் அவருடைய சொந்தக் கற்பனையாக இருக்கும். 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'டில் எல்லாத் தாளும் பத்திரமாக இருந்தது. கேட்டு வரத்தான் ஆளில்லை.

திறந்து விட்ட முடிவு வேறு, தொலைந்த முடிவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா, விஞ்ஞானமா என்று அவருடைய துப்பறியும் ஜோடி கணேஷையும் வசந்தையும் மோதவிட்டு, கடைசியில் நம் கையில் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்காக அவரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு இரண்டு பதிலும் தெரியும், தெரிந்துதான் நம்மைத் தொங்கவிட்டார் என்பது வரிக்கு வரி தெரியும். அந்தக் கடுப்பில் ஒரு சுகம் உண்டு.

சுஜாதாவிடம் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. அவரும் எழுதிக் குவித்தவர்தான், அவருக்கும் பிள்ளைப்பருவத்து ஊர் விடாமல் துரத்தியது. ஆனால் ஸ்ரீரங்கத்தைக் கொண்டுவந்து கணேஷ்-வசந்த் தலையில் கட்டவில்லை. 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' என்று தனியாக வீடு கட்டிக் கொடுத்தார். அதனால் துப்பறியும் கதையும் பிழைத்தது, ஊரும் பிழைத்தது.

பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் சிமனோனையும் பாருங்கள். மெய்க்ரே இன்ஸ்பெக்டரை உருவாக்கியவர். சொந்தப் பெயரில் மட்டும் சுமார் 200 நாவல். 1972இல், 69 வயதில், ஒரு நாவலுக்கு உட்கார்ந்தவர் இனிமேல் வராது என்று எழுந்துவிட்டார். அத்தோடு நாவல் எழுதுவதே நின்றது. பிறகு ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்து நினைவுகளைப் பேசிப் பேசியே இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் கிறிஸ்டி மத்தில்டின் வயிற்றுக்குள் காகிதம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கருவியைக் கொடுத்து, 'அம்மா, கொலை போதும், அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று யாராவது சொல்லியிருக்கலாம். வயசான காலத்தில் நினைவு பொங்கி வருவது இயல்பு. அதற்குக் கொலை வேஷம் கட்டி மேடையேற்றினால் இரண்டுமே சோபிக்காது. இதுதான் இந்த நாவலைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது.

வேடிக்கை என்னவென்றால், பதிப்பாளரிடம் வேறு வழி இருக்கத்தான் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னாவது என்று இரண்டு நாவல்களை எழுதிப் பூட்டி வைத்திருந்தார் கிறிஸ்டி. 1973க்குப் பிறகு புது நாவல் வரவில்லை. 1974இல் புவாரோவின் பழைய சிறுகதைகளைத் தொகுத்துப் போட்டார்கள். 1975இல் பெட்டியைத் திறந்து, புவாரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' நாவலை வெளியிட்டார்கள். 1976 ஜனவரியில் கிறிஸ்டி காலமானார். மார்ப்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்' அந்த வருஷம் வந்தது. 'ஸ்லீப்பிங் மர்டர்' கதையும் பழைய வீடு, பல வருஷத்துக்கு முந்திய கொலை என்றுதான் போகிறது. ஆனால் அங்கே அவர் கைகள் திடமாக இருந்த காலத்து எழுத்து. கொலையாளியின் முகம் தெரியும்போது முதுகுத்தண்டு சில்லிடும். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே என் சிபாரிசு இது. பழைய வீட்டு மர்மம் வேண்டுமென்றால் 'ஸ்லீப்பிங் மர்டர்'. டாமி-டப்பன்ஸ் வேண்டுமென்றால் 'என் ஆர் எம்?'. மத்தில்டும் ட்ரூலவும் வேண்டுமென்றால் தன்வரலாறு. 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'டைக் கட்டாயம் படித்தே ஆக வேண்டும் என்றால், முதல் சில அத்தியாயங்களைப் படியுங்கள், டப்பன்ஸ் வண்டியில் சரிவிறங்கும் இடம் வரைக்கும் போங்கள், சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமல்தான் போகும். முழுசாகப் படித்தவனுக்கும் அதே நிலைமைதான்.